அரைச் சுரைக்காய்

என் கணவருக்குச் சர்க்கரை வரவில்லை. வரப்போகிறது என்ற தகவல் மட்டும்தான் வந்தது. அவர் பள்ளி வேன் ஓட்டுபவர். நான் அதே பள்ளியின் அலுவலகத்தில் ரசீது போடுவது, டி.சி. எழுதுவது, அடையாள அட்டைகளை லேமினேட் செய்வது என்று இருபது வருடமாக உட்கார்ந்திருப்பவள். ஓட்டுநர்களுக்காகப் பள்ளியில் நடந்த இலவச மருத்துவ முகாமில் அவருடைய ரத்தத்தைச் சோதித்த பெண், "பார்டர்ல இருக்கீங்க சார்" என்றாள்.

புதுச்சேரிக்காரருக்கு பார்டர் ஒரு பெரிய விஷயம் இல்லை. இந்த ஊரில் வண்டியை எந்தப் பக்கம் திருப்பினாலும் கொஞ்ச நேரத்தில் ஒரு பார்டர் வந்துவிடும். தாண்டினால் பெட்ரோல் விலை மாறும், பிராந்திக் கடை மறைந்துபோகும், நாலு தெரு தள்ளி மறுபடி நம் ஊரே வரும். அதனால் அவர் பதறவில்லை. "பார்டர்தான, தாண்டலியே" என்று சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

பதறியது நான்தான். முகாமின் கடைசி மேஜையில் டை கட்டிய ஓர் உணவு ஆலோசகர் இருந்தார். ஏதோ சத்துப் பவுடர் கம்பெனி அவரை அனுப்பியிருந்தது. வழவழப்பான கலர் தாளில் ஓர் அட்டவணை கொடுத்தார். காலையில் எழுந்ததும் இரண்டு டம்ளர் தண்ணீர். பிறகு ஓட்ஸும் புளூபெர்ரியும். பதினோரு மணிக்குப் பத்து பாதாம். மதியம் ஆலிவ் எண்ணெயில் வதக்கிய புரோக்கோலி. இரவு ஒரு துண்டு சால்மன் மீன். நடுவில் மூன்று வேளை அந்தப் பவுடர். படித்துப் பார்த்ததில் எங்கள் தெருவில் கிடைப்பது அந்த இரண்டு டம்ளர் தண்ணீர் மட்டும்தான் என்று தெரிந்தது. அதுவும் ஏழரை மணிக்குள் பிடித்துவைத்தால்.

இருந்தாலும் அட்டவணையைப் பள்ளி மெஷினிலேயே லேமினேட் செய்து அடுப்படியில் மாட்டினேன். லேமினேட் செய்துவிட்டால் எதுவும் உண்மையாகிவிடும் என்பது என் தொழிலில் வந்த நம்பிக்கை.

மகன் ஒசூருக்கு வேலைக்குப் போனபிறகு முத்தியால்பேட்டை வீட்டில் நாங்கள் இருவர்தான். மளிகை, காய், மீன், பால் எல்லாவற்றுக்கும் சேர்த்து மாதம் ஆறாயிரத்துக்கு மேல் போகக்கூடாது என்பது எங்கள் சட்டம். அந்த ஆறாயிரத்துக்குள் ஆரோக்கியத்தை எப்படி நுழைப்பது என்று யோசித்து, முதலில் தப்பான கதவைத் தட்டினோம்.

கடற்கரைப் பக்கம், மஞ்சள் சுவர்த் தெரு ஒன்றில், இயற்கை அங்காடி ஒன்று உண்டு. பெங்களூரிலிருந்து சனி ஞாயிறுக்கு வருகிறவர்களும் வெள்ளைக்காரர்களும் போகிற கடை. என் கணவர் இஸ்திரி போட்ட சட்டை அணிந்து வந்தார். "காய் வாங்கத்தான போறோம்?" என்று கேட்டேன். "எதுக்கும் இருக்கட்டும்" என்றார். உள்ளே, மூங்கில் தட்டுகளில், தனியார் ஆஸ்பத்திரி நோயாளிகளைப் போலக் கத்தரிக்காய்கள் ஒன்றையொன்று தொடாமல் படுத்திருந்தன. ஒவ்வொரு தட்டிலும் அது எந்த விவசாயியின் நிலத்தில் விளைந்தது என்று எழுதிய சீட்டு இருந்தது. விலை எழுதிய சீட்டு மட்டும் கொஞ்சம் திரும்பியிருந்தது.

கல்லாவில் நின்ற பெண் சாரம் பகுதியிலிருந்து வேலைக்கு வருகிறவள். எங்கள் பள்ளியில் படித்தவள், அவளுக்கு டி.சி. எழுதியதே நான்தான். நான் கேழ்வரகுப் பை ஒன்றை எடுத்திருந்தேன். முதலாளி உள் அறைக்குள் போனதும் அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"மிஸ், கேவுரு எடுக்காதீங்க. இது எங்க பெரியம்மா ஊருலேர்ந்துதான் வருது. அங்க சாக்குல இருக்கும். இங்க வந்து பையில போடறாங்க, அவ்ளோதான்."

"பைக்கா இவ்ளோ விலை?"

"பை மேல இருக்கிற படத்துக்கு மிஸ்."

வெறுங்கையோடு வெளியே வர என் கணவருக்கு வெட்கம். கால் கிலோ கறுப்புக் கவுனி அரிசி வாங்கினோம். அந்தக் கால் கிலோவுக்குக் கொடுத்த பணத்தில் பொன்னி அரிசி கிலோக் கணக்கில் வாங்கியிருக்கலாம். தெருமுனை வந்ததும் அவர், "கடையில ஒரு ஏசிகூட இல்ல. அந்தக் காத்துக்கும் சேத்து வாங்கிட்டாங்க போல" என்றார். அன்று இரவு கவுனி அரிசி எட்டு விசில் கேட்டது. எட்டுக்குப் பிறகும் அது தன் கொள்கையிலிருந்து இறங்கி வரவில்லை. கேஸையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்தது பெரிய சூப்பர் மார்க்கெட். 'பல தானிய பிஸ்கட்' பொட்டலத்தின் பின்புறத்தை என் கணவர் கண்ணாடி போட்டுக்கொண்டு, வேன் எஃப்.சி. பேப்பரைப் படிப்பது மாதிரி எழுத்துக் கூட்டிப் படித்தார். முதலில் மைதா இருந்தது. அடுத்து சர்க்கரை, அடுத்து பாமாயில். அவர்களெல்லாம் உட்கார்ந்தபிறகு, பந்தியில் இடம் கிடைக்காத தூரத்துச் சொந்தம்போலக் கடைசி வரியில் கேழ்வரகு நின்றுகொண்டிருந்தது. அவர் இப்படிப் பொட்டலம் பொட்டலமாகத் திருப்பிப் படிப்பதைப் பார்த்து செக்யூரிட்டி எங்கள் பின்னாலேயே வர ஆரம்பித்தார். ஒரு தீப்பெட்டிக் கட்டு வாங்கிக்கொண்டு கௌரவமாக வெளியேறினோம்.

கடைசியில் எங்கள் தெரு மளிகைக் கடை பாயிடமே வந்தேன். மூன்று தலைமுறையாக அதே இடத்தில் கடை வைத்திருக்கும் குடும்பம். தினை இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்குதும்மா. இப்ப எல்லாரும் தினைதான் கேக்குறாங்க" என்றார்.

"நல்லா போவுதா?"

"ஒரு தடவ போவுது. தினை வாங்கினு போனவங்க திரும்பி வந்து இதுவரைக்கும் யாரும் தினை கேக்கல. பொன்னி அரிசிதான் கேக்குறாங்க." அரைக் கிலோ கட்டிக்கொண்டே சொன்னார். "இந்தத் தெருவுல வீட்டுக்கு வீடு ஒரு அரைக் கிலோ தினை தூங்குது. எல்லாத்தையும் சேத்தா நானே திரும்ப ஒரு மூட்டை வாங்கிக்கலாம்."

இப்படிப்பட்ட வாயை வைத்துக்கொண்டு அவர் வியாபாரம் எப்படிப் பிழைக்கிறது என்று எனக்கு இன்றும் புரியவில்லை. ஆனால் கேழ்வரகும் கம்பும் பச்சைப்பயறும் அவரிடம் சில்லறையில், படம் போடாத பையில், எங்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைத்தன. மளிகைப் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது. காய்தான் தீரவில்லை.

காய் விற்கிறவர்கள் இந்த ஊரில் இன்னும் கூட்டுக் குடும்பத்தை நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பெரிய மார்க்கெட்டில் மலிவாக வேண்டுமென்றால் கூறாகத்தான் வாங்கவேண்டும். ஒரு கூறு கத்தரிக்காய் இரண்டு பேருக்கு நாலு நாள் வரும். முட்டைக்கோஸ் ஒன்று வாங்கினால் அது ஃப்ரிட்ஜில் வாடகைக்கு வந்தவர் மாதிரி தங்கிவிடும். எல்லாவற்றிலும் மோசம் சுரைக்காய். உடம்புக்கு அதைவிட நல்லது இல்லை, விலையும் குறைவு. ஆனால் நீளம் ஒரு கை. முதல் வாரம் ஒன்று வாங்கினேன். திங்கள் கூட்டு, செவ்வாய் பொரியல், புதன் அடை, வியாழன் மோர்க்குழம்பு. வெள்ளிக்கிழமை அவர் தட்டின் முன் உட்கார்ந்து, "இன்னும் எத்தினி ஸ்டாப்பிங் இருக்குது?" என்று கேட்டார். மீதியை மாட்டுக்குப் போட்டேன். தூக்கிப் போடுகிற காய் மலிவான காய் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த வாரம் வேலை முடிந்ததும் மார்க்கெட்டுக்குப் போய், வழக்கமான காய்க்கார அம்மாவிடம் சுரைக்காயைப் பாதியாக அறுத்துத் தரச் சொல்லிக் கேட்டேன்.

"அறுத்தா கறுத்துப் பூடும்மா. மீதிப் பாதிய நான் தலையிலயா கட்டிகினு போவேன்? இன்னொரு ஆள் பாதி கேட்டா அறுக்குறேன். கொஞ்சம் நில்லுங்க."

நின்றேன். வருகிறவர்கள் எல்லாம் முழுக்காயாகவே வாங்கினார்கள். அவர்கள் வீட்டில் எத்தனை பேரோ என்று பொறாமையாக இருந்தது. கடைசியில் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல், "சொரக்கா பாதி கிடைக்குமா?" என்று கேட்டது.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். எதிர்வீட்டுத் தையல்காரியின் குரல். அவளும் அவள் அக்காவும் மட்டும் இருக்கும் வீடு. இரண்டு பேரும் ரவிக்கை தைக்கிறவர்கள். எங்களுக்கும் அவர்களுக்கும் மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. காலை ஆறரைக்கு என் கணவர் வேனை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் சூடு ஏற்றுவார். அந்தப் புகை, அவர்கள் துவைத்து மாடிக் கொடியில் போட்டிருந்த பாதி தைத்த கல்யாண ரவிக்கை ஒன்றின் மேல் போய் உட்கார்ந்தது. அவள் மாடியிலிருந்து ஒன்று சொன்னாள், இவர் கீழேயிருந்து ஒன்று சொன்னார், நான் நடுவில் புகுந்து சொல்லியிருக்கக்கூடாத ஒன்றைச் சொன்னேன். தைக்கத் தெரியாதவளுக்குத் துணி என்ன, கரித்துணி என்ன என்று. அதற்குப் பிறகு நான் ரவிக்கை தைக்க குருசுக்குப்பம் வரை போய்க்கொண்டிருந்தேன். அங்கே தைத்த எதுவும் எனக்குச் சரியாக அமைந்ததில்லை. அதை நான் யாரிடமும் சொன்னதும் இல்லை.

காய்க்கார அம்மா சந்தோஷமாகக் கத்தியை எடுத்தாள். "தோ, ஆள் வந்துட்டாங்க." எங்கள் முகம் அவளுக்குத் தெரியவில்லை; காயின் முகம்தான் தெரிந்தது. ஒரே வெட்டு. "யாருக்கு காம்புப் பக்கம், யாருக்கு அடிப்பக்கம்?"

"அவங்கள கேளுங்க" என்றேன்.

"அவங்களே எடுத்துக்கட்டும்" என்றாள் தையல்காரி, காய்க்கார அம்மாவைப் பார்த்து.

"யாரு அந்த அவங்க? ரெண்டு பேரும் இங்கதான நிக்கிறீங்க. நான் காய் விக்கிறனா, பஞ்சாயத்து பண்றனா?"

அடிப்பக்கம் பருமன், ஆனால் உள்ளே விதை. காம்புப் பக்கம் ஒல்லி. ஆனால் முழுக்கச் சதை. எதை எடுத்தாலும் பேராசை என்று மற்றவள் நினைப்பாள். கடைசியில் அவள்தான் தராசைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எங்க அக்காவுக்கு வெதை ஆவாது."

"எனக்கு வெதை பரவால்ல" என்றேன் நானும் தராசிடம்.

இப்படித்தான் மூன்று வருட மௌனம் உடைந்தது. அடிப்பக்கத்தை என் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன். அவள் ஆள் ஏற்றும் டெம்போ நிற்கும் இடத்தில் சுரைக்காயை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். தாண்டிப் போய்விட்டேன். சிக்னல் சிவப்பு விழுந்தது. அது பச்சையாக இருந்திருந்தால் நான் போயிருப்பேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். திரும்பிப் பார்த்தால் அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பினேன்.

"ஏறுங்க."

"டெம்போ வந்துரும்."

"ஒரே தெருதான. எனக்கு பெட்ரோல் எப்படியும் ஆவப்போவுது."

ஏறினாள். இறங்கும்போது, "வெள்ளிக்கிழம முட்டகோஸ் வாங்கணும்" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு செவ்வாயும் வெள்ளியும் எங்கள் கூட்டுறவு நடந்தது. முட்டைக்கோஸ் பாதி, கூறு பாதி, கீரைக்கட்டு பாதி, முப்பது முட்டை அட்டையில் பதினைந்து. ஞாயிற்றுக்கிழமை குருசுக்குப்பத்தில் படகு வந்ததும் போய், மத்தி வகையைச் சேர்ந்த கவலை மீன் வாங்குவோம். சால்மனுக்குள்ள சத்தெல்லாம் கவலைக்கும் உண்டு என்று பள்ளியில் அறிவியல் டீச்சர் சொல்லியிருந்தார். மனக்கவலை கூடாது என்று முகாமில் டாக்டர் சொல்லியிருந்தார்; எங்கள் பட்ஜெட்டுக்கோ கவலையைத் தவிர வேறு எதுவும் கட்டவில்லை. மாதக் கடைசியில் ஆறாயிரத்தில் எழுநூறு மிச்சம் இருந்தது. வீட்டில் காய் எதுவும் அழுகவில்லை.

ஆனால் சமாதானம் ஆகிவிட்டோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்களுக்குள் எழுதாத ஒப்பந்தம் ஒன்று இருந்தது: காயைப் பற்றி மட்டும்தான் பேச்சு. வேன் இல்லை, ரவிக்கை இல்லை. வாசலில் கோலம் போடும்போது எதிரெதிரே பார்த்தால் இருவரும் கோலத்தைத்தான் பார்ப்போம். என் கணவருக்கு விஷயம் தெரிந்தபோது சுரைக்காய்க் கூட்டைப் பிசைந்த கையை அப்படியே நிறுத்தினார்.

"இது எந்த வீட்டுக் காயோட பாதி?"

"காய்க்கு ஏதுங்க வீடு? சாப்புடுங்க."

சாப்பிட்டார். கொள்கைக்காக முகத்தை மட்டும் கடுமையாக வைத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் போனபின் ஒரு வெள்ளிக்கிழமை, கூறு பிரிக்கும்போது தையல்காரி கொஞ்சம் தயங்கினாள்.

"வாழக்காயப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

"வாழக்கா இன்னிக்கு வாங்கலியே."

"நீங்க வாங்கல. உங்க வீட்டுக்காரர் வாங்குறார். சாயந்தரம் பசங்கள எறக்கிட்டு, வேன டீக்கடை ஓரமா நிறுத்திட்டு. தெனம் மூணு பஜ்ஜி. நான் தச்ச துணி குடுக்கப் போவும்போது பாக்குறேன்." பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்: "காய் விஷயம்கிறதால சொன்னேன்."

ஒப்பந்தத்தை அவள் மீறவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. நான் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக ஊற்றித் தாளித்துக்கொண்டிருக்க, அங்கே ஒரு வாணலி முழுக்க இவருக்காகக் கொதித்துக்கொண்டிருந்திருக்கிறது. அன்று மாலை அவர் வந்ததும் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. அட்டவணையைக் காட்டி, "வாழக்கா சாப்பிடக்கூடாதுன்னு இதுல எங்க போட்டிருக்குது?" என்றார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இவருக்கு அது பஜ்ஜிக்கு உதவியது.

நான் குரலை உயர்த்தினேன். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அமைதியாகச் சொன்னார்:

"வேன்ல பசங்க பேசிக்கிறாங்க. பர்த்டேக்கு சாக்லேட் குடுக்கப் போனா, ஆஃபீஸ் மிஸ் ரெண்டா எடுத்துப்பாங்களாம். நம்ம ஸ்கூல்ல எழுநூறு பசங்க."

அடுப்படிக்குப் போய்விட்டேன். அதில் கணக்குப் போட ஒன்றும் இல்லை. சராசரியாக ஒரு நாளைக்கு இரண்டு பிறந்தநாளாவது வரும். குழந்தைகள் கொடுப்பதை மறுத்தால் முகம் வாடிவிடும் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிவந்திருக்கிறேன். இரண்டாவது சாக்லேட்டை எடுக்காவிட்டாலும் வாடுமா என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை.

அன்று இருவரும் கம்பங்கூழ் குடித்தோம். சண்டை நீளவில்லை, இரண்டு திருடர்கள் எவ்வளவு நேரம்தான் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருக்க முடியும். வாரத்துக்கு ஒரு பஜ்ஜி, ஒரு சாக்லேட் என்று பேசி முடித்தோம். அவர் ஒரு பஜ்ஜி என்பதை ஒரு தட்டு என்று புரிந்துகொண்டார் என்பது பிறகு தெரிந்தது.

ஆறு மாதம் கழித்து முகாம் மறுபடி நடந்தது. அவருடைய சர்க்கரை அளவு கொஞ்சம் இறங்கியிருந்தது. கூட வந்த பாவத்துக்கு நானும் கையை நீட்டினேன். இப்போது நான் பார்டரில் இருந்தேன். டை கட்டிய ஆலோசகர் அவருடைய தாளைப் பார்த்துவிட்டு, "பாத்தீங்களா, பவுடர் வேலை செய்யுது" என்றார். நாங்கள் அந்தப் பவுடரை வாங்கவே இல்லை என்று சொல்ல என் கணவர் வாயெடுத்தார். நான் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். சொல்லியிருந்தால் எனக்கும் ஒரு கலர் தாள் கிடைத்திருக்கும்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் பெய்து, பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். மார்க்கெட்டில் முழங்கால் தண்ணீர், கடலுக்கு யாரும் போகவில்லை, தெருவில் கரண்ட் இல்லை. செவ்வாய்க்கிழமை வந்தது, போனது. வாங்க ஒன்றும் இல்லை, அதனால் எங்களுக்குப் பேசவும் ஒன்றும் இல்லை. இவர் திண்டிவனத்துக்கு ஒரு சாவுக்குப் போய் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தார். மதியம் நான் ஜன்னலருகே நின்று, முட்டை இரண்டு இருக்கிறது, அதை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எதிர்வாசலில் தையல்காரி வந்து நின்றாள். மழைச் சத்தத்தில் கத்தித்தான் சொல்லவேண்டியிருந்தது.

"ரசம் வச்சிருக்கேன். அக்கா கேக்க சொன்னா. வர்றீங்களா?"

இரண்டு முட்டையையும் மாராப்புக்குள் வைத்துக்கொண்டு தெருத் தண்ணீரைத் தாண்டினேன். அந்த வீட்டுக்குள் நான் போனது அதுதான் முதல் தடவை. தையல் மெஷினை ஓரம் தள்ளி, தரையில் துணித்துண்டுகளைக் கூட்டி ஒதுக்கியிருந்தார்கள். அவள் அக்கா வெள்ளைச் சோற்றை மலையாகப் போட்டாள், பட்டை தீட்டிய பொன்னி அரிசி, ஆவி பறந்தது. ரசம், முட்டைப் பொரியல், எண்ணெயில் பொரித்த அப்பளம். யாரும் எது உடம்புக்கு ஆகும், எது ஆகாது என்று பேசவில்லை.

"அன்னிக்கு ஒண்ணு சொன்னேன், தப்புதான்" என்றேன், ரசத்தைப் பார்த்துக்கொண்டு.

"எது?" என்றாள் தையல்காரி. அவளுக்குத் தெரியும். சோற்றைப் பிசைந்தபடி, "நீங்க போட்டுனு இருக்கிற ரவிக்க கைப்பக்கம் சுருக்கம் விழுது. எவன் தச்சானோ" என்றாள்.

அவள் அக்கா எனக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள். போதும் என்று நான் சொல்லவில்லை.